சுத்த சைவ வீட்டில் ஸ்டேக்

சிவாஜிநகரில் கிளம்பிய தொம்மலூர் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு இளைஞர்கள், கழுத்தில் கம்பெனி அட்டையோடு. ஜன்னல் பக்கத்தவன் மடியில் கறிக்கடைப் பொட்டலம்.

"ஒரு ஆளுக்கு எதுக்குடா ரெண்டு துண்டு மாட்டுக்கறி?"

"ஸ்டேக் போடத்தான். போன வாரம் தோசைக்கல்லுல போட்டேன், வீடு பூரா புகை. கீழ்வீட்டுல இருந்து ஓனரே வந்து பெல் அடிச்சிட்டாரு."

"சுத்த சைவம்னு சொல்லித்தானே வீடு புடிச்ச? காலி பண்ணச் சொல்லிருப்பாரே!"

"நானும் அப்படித்தான் நினைச்சேன். நேரா அடுப்புகிட்ட போய் எட்டிப் பார்த்தாரு. 'வெண்ணெய முதல்லயே போட்டா கருகத்தான் செய்யும். கல்லு நல்லாக் காயட்டும், வெண்ணெய் கடைசியில. எடுத்ததும் வெட்டாதீங்க, அஞ்சு நிமிஷம் விடுங்க'ன்னாரு."

"அவருக்கு எப்படிடா தெரியும்?"

"முப்பது வருஷம் கவர்மென்ட் வேலையாம். ஊர் ஊரா கேம்ப் போனவராம்."

"அப்புறம்?"

"ஜன்னலச் சாத்தச் சொன்னாரு. அவங்க வீட்டம்மா கோயில்ல இருந்து வர்ற நேரமாம்."

நண்பன் பொட்டலத்தையே பார்த்தான்.

"அப்போ ரெண்டாவது துண்டு?"

"வெண்ணெய் அவரு கொண்டு வர்றாரு."