இரண்டு போன்களில் கனமானது

பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது பெரியது என்று சட்டென்று சொல்ல முடியாது, சார். உங்கள் மேசையில் வலப்பக்கம் இருக்கிற போன் நான் வாங்கியது. இடப்பக்கம் இருப்பது என் தங்கை டார்லின் வாங்கியது. என் போனுக்குப் போட்டிக் கம்பெனி தயாரிப்பு. அகலத்தில் இரண்டும் ஒன்று. உயரத்தில் அவளுடையது ஒரு நூல் கூடுதல். ஆனால் அதற்கு ஓரங்கள் வளைந்திருப்பதால் எழுத்து கொஞ்சம் வழிந்துபோகும். திரை என்று பார்த்தால் என்னுடையதுதான் பெரியது. கையில் எடுத்தால் கனம் தெரியும். அதைக் குறை என்று பலர் நினைக்கிறார்கள். பேட்டரி பெரிதாக இருந்தால் போன் கனமாகத்தான் இருக்கும்.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன். மறைப்பதற்கு ஒன்றும் இல்லை.

என் அப்பா ஜேசுதாசன் பாளையங்கோட்டையில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஜேசுதாசன் சார்வாள் என்றால் உங்கள் ஸ்டேஷனிலேயே யாராவது அவரிடம் படித்தவர் இருப்பார். அவருக்குக் குரல்தான் சொத்து. சார்வாள் கொக்கிரகுளத்தில் நின்று ஜெபம் பண்ணினால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருப்பவன் ஆமென் சொல்லுவான் என்று சபையில் வேடிக்கையாகப் பேசிக்கொள்வார்கள். டார்லினுக்கும் அதே குரல். எனக்குத் திக்குவாய். இப்போது அவ்வளவாகத் தெரியாது; நிதானமாகப் பேசினால் சமாளித்துவிடுவேன். சிறுவயதில் ஒரு முறை, சபையார் எல்லாரும் கூடிச் சாப்பிடுகிற அசனப் பண்டிகையன்று வேதபாடம் வாசிக்க என்னை நிறுத்தினார்கள். முதல் வார்த்தையிலேயே நின்றுவிட்டேன். அப்பா எழுந்து வந்து மைக்கை என் வாயிலிருந்து விலக்கி, "நீ இரிலே. டார்லின் வாசிக்கட்டும்" என்றார். அவளுக்கு எட்டவில்லை. முக்காலி போட்டு ஏறி நின்று வாசித்தாள். அப்பா செய்தது சரிதான். ஆராதனையை எனக்காக நிறுத்திவைக்க முடியாது.

டார்லின் நர்ஸ் படித்து மஸ்கட் போனாள். எனக்கு வீட்டுக்குப் பின்னால் இருக்கிற பள்ளிக்கூட அலுவலகத்திலேயே கிளார்க் வேலை. கல்யாணம் அமையவில்லை. அம்மா காலமான பிறகு வீட்டில் நானும் அப்பாவும்தான்.

போன வருடம் அப்பாவுக்கு வாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்தன. நாக்கும் சேர்ந்து விழுந்தது. புத்தி மட்டும் அப்படியே இருந்தது. வாயைத் திறந்தால் காற்றுதான் வரும். அதைக் கேட்க எனக்குச் சந்தோஷமாக இருந்ததா என்று நேற்று உங்கள் ஏட்டையா கேட்டார். இல்லை. வீடு அமைதியாக இருந்தது, அவ்வளவுதான். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, பீ மூத்திரம் அள்ளுவது எல்லாம் நான் செய்தேன். காலையில் மட்டும் முப்பிடாதி என்று ஒரு பெண் வந்து பார்த்துக்கொண்டு மத்தியானத்துக்கு முன்னால் போய்விடுவாள்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற டாக்டரம்மாதான் யோசனை சொன்னது. இடது கை விரல் நன்றாக இருக்கிறது, பெரிய போனாக ஒன்று வாங்கிக் கொடுங்கள், தட்டித் தட்டிப் பேசட்டும் என்றது. நான் டவுணுக்குப் போய் அகமது மீரான் கடையில் இருந்த பெரிய போன் எல்லாவற்றையும் எடுத்துப் போடச் சொன்னேன். அரை நாள் பார்த்தேன். கடைசியில் இதை எடுத்தேன். "இதவிடப் பெருசு வேணும்னா, அண்ணாச்சி, டிவிதான் வாங்கணும்" என்றார் அவர்.

அப்பா முதலில் அடித்த வார்த்தை 'தண்ணி'. கொண்டுபோய்க் கொடுத்தேன். 'பேன்' என்று அடித்தார். மின்விசிறியைப் போட்டேன். 'இன்னிக்கு ஸ்கூல்ல என்ன விசேஷம்' என்று ஒரு நாள் அடித்திருந்தார். ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினேன். அந்த நாட்கள் நன்றாகவே போயின.

கிறிஸ்துமஸுக்கு வந்த டார்லின் அப்பாவுக்கென்று ஒரு போன் வாங்கிக்கொண்டு வந்தாள். அதற்குள் ஒரு பேனா செருகியிருக்கும். பேனாவால் கோணல்மாணலாக எழுதினாலும் அது எழுத்தாக்கிவிடும். எழுதினதைச் சத்தம்போட்டு வாசிக்கவும் செய்யும். பெண் குரல். அப்பா இடது கையால் பேனாவைப் பிடித்து ரொம்ப நேரம் கிறுக்கினார். போன் கணீரென்று, "ஏ கழுத, எப்ப வந்த?" என்றது. டார்லின் சிரித்துச் சிரித்துக் கட்டிலில் விழுந்தாள். முப்பிடாதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்பா அழுதார். எல்லாரும் போன பிறகு என் போனை எடுத்துத் துடைத்து அலமாரியில் வைத்தேன்.

நான் எதையும் ஆத்திரத்தில் செய்கிறவன் இல்லை. இரண்டு பொருள் இருந்தால் எது மேல் என்று பார்த்துத் தெரிந்துகொள்வதுதான் முறை. இரண்டு போனையும் ஒரே சமயத்தில் இயக்கி எது முந்துகிறது என்று காட்டுகிற வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. எல்லாவற்றையும் பார்த்தேன். வெளிச்சம், சத்தம், சூடு, சார்ஜ் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தால் பாதிக்கு மேல் என்னுடையதுதான் ஜெயித்தது. அதை அப்பாவிடம் காட்டினேன். அவர் பேனாவை எடுத்து எழுதினார். "ஆனா இது லேசுலே" என்றது டார்லினுடைய போன்.

அதனால் அவரையே வைத்துப் பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தேன். சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் அவரைத் தலையணையில் சாய்த்து உட்காரவைப்பேன். தன் பெயரையும் வீட்டு விலாசத்தையும் முதலில் அதில் எழுத வேண்டும், பிறகு இதில் அடிக்க வேண்டும். நான் நேரம் பார்ப்பேன். அதில் மளமளவென்று எழுதிவிடுவார். என்னுடையதில் வேண்டுமென்றே மெதுவாக அடிப்பார். கை சரிந்துவிடுகிறது என்று சைகை காட்டுவார். மறுபடி செய்யச் சொல்வேன். தினமும் செய்தோம். விரல்நுனி வெடித்து லேசாக ரத்தம் கசிந்தபோது தேங்காய் எண்ணெய் தடவிவிட்டேன். அவரைக் கவனிக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஒரு நாள் அவர் தூங்கும்போது, மஸ்கட் திரும்பிவிட்ட டார்லினுக்கு அதில் என்ன எழுதியிருக்கிறார் என்று பார்த்தேன். பக்கம் பக்கமாக இருந்தது. அதில் என்னைப் பற்றி இருந்தது கொஞ்சம்தான். 'ஹெப்ரான் நல்லாப் பாத்துக்கிடுதான். பேசத்தான் மாட்டான். அவன் போன் மாதிரிதான் அவனும். கனம்.' கீழே டார்லின் சிரிக்கிற பொம்மை ஒன்று போட்டிருந்தாள்.

அன்றைக்கே அந்தப் போனைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். பீரோ அப்பாவின் கட்டிலுக்கு நேர் எதிரே இருக்கிறது. கண் விழித்ததும் அவர் கையால் துழாவினார். டிஸ்ப்ளே போய்விட்டது, ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறேன் என்றேன். சரியாக அந்த நேரம் டார்லின் கூப்பிட்டாள். பீரோவுக்குள் மணி அடித்தது. அப்பா பீரோவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் சாப்பிடப் போனேன். அவள் விட்டுவிட்டுக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். மறுநாள் காலையில் சத்தம் நின்றுவிட்டது. சார்ஜ் விஷயத்தில் அது மட்டம் என்று எனக்கு முன்பே தெரியும்.

டார்லினிடம் கீழே விழுந்து உடைந்துவிட்டது என்றேன். "பரவாயில்ல அண்ணே, உங்க போன்ல அடிக்கச் சொல்லுங்க" என்றாள். அப்பா அடிக்கவில்லை. கட்டில் கம்பியில் ஒரு பிடிப்பான் மாட்டி, கை தாங்க வேண்டிய அவசியமே இல்லாதபடி என் போனை முகத்துக்கு நேராக நிறுத்திக் கொடுத்தேன். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அப்பாவுக்கு இப்போது அடிக்க முடியவில்லை என்று டார்லினிடம் சொன்னேன். அவள் நர்ஸ். அப்படி ஆகக்கூடியதுதான் என்று அவளே எனக்குத் தைரியம் சொன்னாள்.

ஏதாவது வேண்டுமென்றால் அப்பா கட்டிலைத் தட்டுவார். "தட்டினா எனக்குப் புரியல. இதுல அடிங்க. போன்தான் முன்னால நிக்குதே" என்பேன். தண்ணீர்ச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பேன். இந்தப் போன் உங்களுக்குப் போதாதா என்று கேட்பேன். ஒரே ஒரு வார்த்தை அடித்தால் போதும் என்றுதான் கேட்டேன். முதல் நாள் இருட்டும்வரை நாக்கு வறண்டு கிடந்தார், அடிக்கவில்லை. நான்தான் விட்டுக்கொடுத்து ஊற்றினேன். அதன்பின் தினமும் இதுதான். காலையில் முப்பிடாதி கொடுப்பது அவருக்குப் போதுமானதாக இருந்தது என்று நினைக்கிறேன். உடம்பு கொஞ்சம் வற்றியது.

அந்த நாளுக்கு வருகிறேன்.

முப்பிடாதி அலுவலகத்துக்குப் போன் பண்ணினாள். "அண்ணாச்சி, சார்வாளுக்கு ஒரு மாதிரியா வேர்க்குது. நெஞ்சப் புடிச்சிக்கிடுதாவ. ஆட்டோவக் கூப்பிடட்டா?"

"வேண்டாம். நான் வாரேன்" என்றேன்.

போய்ப் பார்த்தபோது சட்டை நனைந்திருந்தது. உதடு கறுத்திருந்தது. முப்பிடாதி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அய்யா, இப்பமே தூக்கிட்டுப் போயிருவோம்யா" என்றாள். நீ போ, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அனுப்பினேன். அவள் இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள். அவள் உங்களிடம் சொன்னது அத்தனையும் உண்மை. நல்ல பெண்.

அப்பா இடது கையைத் தூக்கிப் பீரோவைக் காட்டினார். நான் என் போனைத் திருப்பி அவர் முகத்துக்கு நேராக வைத்தேன்.

"என்ன செய்யுதுன்னு இதுல அடிங்கப்பா. அடிச்ச ஒடனே கூட்டிட்டுப் போயிருதேன்."

அவர் மறுபடி பீரோவைக் காட்டினார். பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டு மணி அடித்தது. பிள்ளைகள் இரைச்சலோடு வெளியே வந்தார்கள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். எனக்குக் கோபமே இல்லை. சொல்லப்போனால் அன்றைக்குத்தான் அவரிடம் நிறையப் பேசினேன். இந்தப் போனை எத்தனை போனோடு ஒப்பிட்டுப் பார்த்து வாங்கினேன் என்று சொன்னேன். அதில் எழுத்தை எப்படிப் பெரிதாக்கினேன், பிடிப்பானை எத்தனை கடையில் தேடினேன் என்று சொன்னேன். டார்லின் மஸ்கட்டில் ஒரு கடையில் போய்க் கையில் கிடைத்ததை எடுத்து வந்திருப்பாள் என்றேன். ஒரு இடத்தில்கூட எனக்குத் திக்கவில்லை. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பேசி அவர் அவ்வளவு நேரம் கேட்டதே இல்லை. நடுவில் மூச்சு இழுக்க ஆரம்பித்தது. வெளியே சாப்பிட்டு முடித்த பிள்ளைகள் குழாயடியில் தட்டு கழுவுகிற சத்தம் கேட்டது. நெஞ்சுவலி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை, சார். அம்மா அதில்தான் போனாள்.

பிள்ளைகள் வகுப்புக்குத் திரும்ப மறுபடி மணி அடித்த பிறகு அப்பா கையைத் தூக்கினார். இந்தத் தடவை பீரோ பக்கம் போகவில்லை. விரல் என் போனுக்கு வந்தது. எழுத்து எழுத்தாக அடித்தார். நடுவில் தப்பாகப் போனதை அழித்துத் திருத்தினார். வாத்தியார் அல்லவா. அடித்து முடித்ததும் கை தானாக விழுந்தது. நான் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். சொன்ன சொல்லை மீறவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போதே உயிர் இல்லை. கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றார் டாக்டர். நான் தலையை ஆட்டினேன்.

டார்லின் மறுநாள் வந்தாள். அடக்கத்துக்கு அப்பாவின் வெள்ளைக் கோட்டை எடுக்கப் பீரோவைத் திறந்தவள், துணிக்கு அடியில் தன் போனைப் பார்த்துவிட்டாள். சார்ஜ் போட்டாள். கீறல்கூட இல்லாமல் எரிந்தது. சவப்பெட்டியைச் சுற்றிச் சபையார் பாடிக்கொண்டிருந்தபோது அதை என் முன்னால் நீட்டினாள். "அண்ணே, இது ஒடஞ்சி போச்சின்னு சொன்னீங்களே" என்றாள். நான் பாட்டுப் புத்தகத்தில் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். அதன் பிறகுதான் அவள் முப்பிடாதியைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினாள், உங்களிடமும் வந்தாள்.

எழுதிக்கொள்ளுங்கள். அவர் செத்துப்போகக்கூடும் என்று தெரிந்துதான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். தெரிந்துதான் முப்பிடாதியை அனுப்பினேன். கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் அப்பா கடைசியாக அடித்ததற்கு டார்லின் தன் புகாரில் வேறு அர்த்தம் எழுதியிருக்கிறாள். அப்பா என்னிடம் கெஞ்சினார், என்னை விட்டுவிடு என்றுதான் அப்படி அடித்தார் என்கிறாள். அறையில் இருந்தது அவளா நானா? எத்தனை மாதமாக நான் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்குப் பதில் அது. என் போனைத் திறந்து நீங்களே பாருங்கள், அப்படியே இருக்கும், நான் எதையும் அழிக்கவில்லை. 'போதும்' என்று அடித்திருக்கிறார். என் போனே அவருக்குப் போதும் என்று ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் சார் அப்பா போனார்.