லவெல் கையெழுத்திட்ட காலை

நீங்கள் அனுப்பிய பக்கத்தில் ஒரு சின்னத் தவறு இருக்கிறது. அதைத் திருத்தத்தான் வரச் சொன்னேன். மழையில் இவ்வளவு தூரம் காரோட்டி வந்திருக்கிறீர்கள், நன்றி. அந்த ஒலிப்பதிவுக் கருவியை மேசை மேலேயே வைத்துக்கொள்ளுங்கள். எனக்குக் கூச்சமில்லை.

பள்ளிக்கூடத்திலிருந்து உங்கள் பல்கலைக்கழக அமெரிக்க ஃபுட்பால் அணிக்கு வந்து சேர்ந்த, மறக்க முடியாத இருபத்தைந்து பையன்களைப் பற்றிப் புத்தகம் போடுகிறீர்கள். லவெல் புரூயிட்டுக்கு நான்காம் இடம். என்னைக் கேட்டால் அது குறைவு, ஆனால் தவறு அதுவல்ல. "தாய் இறந்த செய்தி கேட்ட சில நிமிடங்களில், கண்ணீரைத் துடைத்துக்கொண்டு அவர் சேர்க்கைத் தாளில் கையெழுத்திட்டார்" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மைதானத்துச் சுவரிலும் அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். கையெழுத்துப் போடும்போது லவெலுக்குச் செய்தி தெரியாது. எனக்குத்தான் தெரியும்.

அவன் அம்மா ஒடெஸ்ஸா, கெளுத்தி மீன் வெட்டும் தொழிற்சாலையில் என் பிரிவில் வேலை பார்த்தவள். நான் மேற்பார்வையாளன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரே தேவாலயத்தில் இரண்டு வரிசை தள்ளி உட்காருவோம். சிறுநீரகம் கெட்டு அவள் படுக்கையில் விழுந்தபோது லவெலுக்குப் பதினைந்து வயது. நாற்பது மைல் தள்ளி இருந்த மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக அவள் அலைந்தாள். "பிரதர் ஏமஸ், இவன் உங்க வீட்டுல இருக்கட்டும். உங்க ரெஜியோட சேர்ந்தா இவனும் ஒழுங்கா இருப்பான்," என்றாள். நீதிமன்றத்துக்குப் போய் என்னை அவனுக்குக் காப்பாளராக எழுதிக் கொடுத்தாள். அந்தத் தாளில் அவள் போட்ட கையெழுத்து நடுங்கியிருந்தது. நான்தான் தாளைப் பிடித்துக்கொண்டேன்.

ரெஜி என் மகன். லவெல் பந்தைக் கையில் வாங்கிக்கொண்டு ஓடுவான். ரெஜி அவனுக்கு முன்னால் போய், வருகிற ஆட்களை இடித்துத் தள்ளி வழி திறப்பான். மக்கள் லவெலைப் பார்த்தார்கள். நானும் என் மனைவி எர்னஸ்டீனும் ரெஜியைப் பார்த்தோம்.

"டேய், நான் இடிச்சுத் தள்ளலைன்னா உன்னால ஸ்கூல் பஸ்ஸைக்கூடப் புடிக்க முடியாது," என்பான் ரெஜி.

"உன் பின்னாடி ஓடினா எனக்கு வெயிலே படாதுடா. முதுகா அது? கொட்டகை," என்பான் லவெல்.

என் சாப்பாட்டு மேசையில் இரண்டரை வருஷம் அப்படிச் சிரிப்பு இருந்தது. நான் அந்தப் பையனை நேசித்தேன். இதையும் பதிவு செய்துகொள்ளுங்கள்.

கடைசி வருஷம் பயிற்சியாளர்கள் வரத் தொடங்கினார்கள். உங்கள் ஆள் விட்லி பதினொரு முறை வந்தார். லவெலோடு கைகுலுக்கிவிட்டு, பிறகு என்னை முற்றத்துக்கு அழைத்துப் போவார். ரெஜிக்கு வேறு எந்தக் கல்லூரியும் இடம் தரவில்லை என்பது அவருக்குத் தெரியும்.

"ரெண்டு பேரையும் எடுத்துக்கிறேன், மிஸ்டர் காடிஸ். நாலு வருஷப் படிப்பு, சாப்பாடு, தங்குற எடம் எல்லாம். ஆனா ரெண்டு தாளும் ஒண்ணா வரணும். லவெல் வரலைன்னா ரெஜியோட இடம் வேற ஒருத்தனுக்குப் போயிடும்."

"ரெஜி நல்ல பையன் சார்," என்றேன்.

"நல்ல பையன்தான். நல்ல பையன்களுக்குன்னு நான் தனியா இடம் வச்சிருக்கலையே," என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை.

எந்தக் கல்லூரி என்று தாளில் எழுதிக் கொடுக்கும் நாள் அது, கொடுத்துவிட்டால் பிறகு மாற முடியாது. அந்தக் கையெழுத்து நாளுக்கு ஒரு வாரம் முன்பு லவெல் தட்டைக் கழுவிக்கொண்டே, "மிஸ்டர் ஏமஸ், அம்மா ஆஸ்பத்திரி பக்கத்துல இருக்கிற அந்தச் சின்ன காலேஜுலயே சேர்ந்துடலாமான்னு யோசிக்கிறேன்," என்றான். நான் மறுக்கவில்லை. "யோசிப்பா," என்றேன். அந்த வாரம் முழுக்க, தொழிற்சாலையில் ரெஜி என் பக்கத்தில் நின்று, ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, மீன் தலையை வெட்டித் தள்ளுவதுபோல் கண்ணுக்கு முன்னால் வந்துகொண்டே இருந்தது. அங்கே முப்பத்தோரு வருஷம் நின்றவன் நான். குளிர்காலத்தில் என் விரல்கள் இன்னமும் மடங்குவதில்லை.

தொண்ணூற்று நான்கு, பிப்ரவரி மாதத்து முதல் புதன்கிழமை. பத்து மணிக்குப் பள்ளியின் உள்விளையாட்டுக் கூடத்தில் விழா. ஒன்பதே முக்காலுக்குப் பள்ளி அலுவலகத்துக்கு மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. என்னைக் கூப்பிட்டார்கள். ஒன்பது நாற்பதுக்கு ஒடெஸ்ஸா போய்விட்டாள் என்று தாதி சொன்னாள். "பையன்கிட்ட நீங்களே சொல்லிடறீங்களா?" என்றாள். சொல்லிவிடுகிறேன் என்றேன்.

கூடத்தில் இருநூறு பேர் இருந்தார்கள். இசைக்குழு வாசித்துக்கொண்டிருந்தது. லவெல் என்னைப் பார்த்துக் கையசைத்தான். அவன் கையெழுத்துப் போட்டான், காப்பாளர் என்ற இடத்தில் நான் போட்டேன். ரெஜி போட்டான், அப்பா என்ற இடத்திலும் நான் போட்டேன். இரண்டு தாளும் ஃபேக்ஸில் போய்ச் சேர்ந்ததும் விட்லி கூப்பிட்டு வாழ்த்துச் சொன்னார். அதன் பிறகு, பதினொன்று பத்துக்கு, பயிற்சியாளர் அறைக்கு லவெலைக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினேன். நீங்கள் எழுதிய கண்ணீர் உண்மைதான். நேரம்தான் தவறு.

அவன் ஒரே ஒரு கேள்வி கேட்டான். "என்னைக் கேட்டாங்களா?"

"இல்லப்பா. தூக்கத்துலயே போயிட்டாங்க," என்றேன்.

இதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு மணி நேரத் தாமதம், அவ்வளவுதான். இறந்தவளுக்கு ஒரு மணி நேரத்தால் என்ன ஆகிவிடப் போகிறது? ஆனால் நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறீர்கள். எர்னஸ்டீனும் அப்படித்தான் பார்ப்பாள்.

அதற்கு முந்தின நாள், செவ்வாய்க்கிழமை பிற்பகல் நான்கு மணிக்கே, மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு முதல் போன் வந்துவிட்டது. பையன்கள் முடிவெட்டிக்கொள்ளப் போயிருந்தார்கள். "இன்னிக்கே கூட்டிட்டு வாங்க, நாளைக்குன்னு தள்ளாதீங்க," என்றாள் தாதி. சரி என்று வைத்தேன். கார் வாசலில்தான் நின்றது. பெட்ரோலும் இருந்தது.

ஆறு மணிக்கு மறுபடியும் அடித்தது. இப்போது ஒடெஸ்ஸாவே. யாரோ போனை அவள் காதில் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும், மூச்சுச் சத்தம்தான் பெரிதாகக் கேட்டது. பையன்கள் பக்கத்து அறையில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருபது அடி தூரம் இருக்கும்.

"பிரதர் ஏமஸ், அவன்கிட்ட ஒண்ணே ஒண்ணு சொல்லணும். கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி."

"சொல்லும்மா, நான் சொல்லிடறேன்."

"அது உங்ககிட்ட சொல்ற விஷயம் இல்ல."

அவள் என்ன சொல்ல நினைத்தாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பக்கத்திலேயே இரு என்றா, தூரமாகப் போய் நன்றாக இரு என்றா? இரண்டில் எதுவாகவும் இருந்திருக்கலாம். பாதிக்குப் பாதி. ரெஜியைப் போல ஒரே மகனை வைத்துக்கொண்டு யாரும் அப்படிச் சூதாட மாட்டார்கள். நாளைக்குக் கூட்டி வருகிறேன் என்று சொல்லிப் போனை வைத்தேன்.

எர்னஸ்டீன் அடுப்பை அணைத்தாள். "நீங்க சொல்லலைன்னா நான் போய்ச் சொல்றேன்," என்றாள்.

"சொல்லு. அப்படியே ரெஜிக்கு ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸும் வாங்கிட்டு வந்துடு," என்றேன்.

அவள் அந்த அறையின் வாசல்வரை போனாள். பிறகு திரும்பி வந்து தட்டுகளை எடுத்து வைத்தாள். அதற்குப் பிறகு இருபத்தாறு வருஷம் என்னோடு வாழ்ந்தாள், அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான் பேச வாயெடுத்தால் எழுந்து போய்விடுவாள்.

லவெல் மூன்று ஆட்டப் பருவம் உங்களுக்காக ஓடினான், அந்தக் கணக்கெல்லாம் உங்களிடம் இருக்கிறது. ரெஜி நான்கு வருஷத்தில் மொத்தம் ஆறு முறை மைதானத்தில் இறங்கினான். ஆனால் பட்டம் வாங்கினான். மெம்பிஸில் காப்பீட்டு அலுவலகத்தில் இருக்கிறான். இந்த வீட்டுப் பக்கம் வருவதில்லை. சுவர்கள் மெல்லியவை, அவன் அன்று எவ்வளவு கேட்டான் என்று நானும் கேட்டதில்லை. லவெல்தான் வருகிறான். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வருவான், கூரை ஒழுகினால் ஏறிப் பார்ப்பான். மூத்த மகளுக்கு அம்மா பெயரை வைத்திருக்கிறான். போன மாதம் என்னை மருத்துவரிடம் கூட்டிப்போனபோது தாதியிடம், "எனக்கு அப்பான்னு இருக்கிறது இவர்தான்," என்றான். அவன் கை என் தோள் மேல் இருந்தது. அதை எடு என்று சொல்லவும் முடியவில்லை, அப்படியே இருக்கட்டும் என்று உட்காரவும் முடியவில்லை.

நாளைக்குக் கூட்டி வருகிறேன் என்று அவளிடம் சொன்னதாகச் சொன்னேன் இல்லையா? அதை அடித்துவிடுங்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் விட்டிருக்க மாட்டாள். மறுபடியும் கூப்பிட்டிருப்பாள், அடுத்த முறை பையன்களில் ஒருவன் எடுத்திருப்பான்.

"லவெல் இங்கதான் என் பக்கத்துல நிக்கிறான் ஒடெஸ்ஸா. கேட்டுப் பார்த்தேன். வர இஷ்டமில்லைங்கிறான்," என்றேன்.

மூச்சுச் சத்தம் கொஞ்ச நேரம் வந்துகொண்டிருந்தது. பிறகு, "சரி பிரதர். அவனைத் திட்டாதீங்க. நாளைக்கு வெறும் வயித்தோட அனுப்பாதீங்க," என்றாள்.

அதற்குப் பிறகு அவள் கூப்பிடவில்லை. கேட்டுக்கேட்டு உடம்பை வருத்திக்கொள்ளாமல், கடைசி இரவிலாவது அவள் நிம்மதியாக இருந்திருப்பாள் என்றுதான் நான் நினைக்கிறேன்.