விடுமுறைக்கு வந்த தம்பி

— அப்ப படகு கட்டற இடம் பாத்தீங்களா, மிஸ் ஐலீன்? விண்ட்வர்ட் ஊர்ல கடற்கரை மணல்லயே வச்சுக் கட்டுவாங்க. பஸ்ல ஏறிப் போங்க. ஆஸ்மண்ட் அனுப்பினான்னு சொன்னாப் போதும், மேல ஏத்திக் காட்டுவாங்க.

— நேத்தே போயிட்டு வந்தேன், ஆஸ்மண்ட். மேல ஏத்தியும் காட்டினாங்க. உங்க பேரைச் சொன்னேன். எந்த ஆஸ்மண்ட்னு கேட்டாங்க.

— அது சின்னப் பசங்களா இருக்கும். சரி, எதிர மணல்திட்டு? படகுக்காரன் காலையில இறக்கி விடுவான், சாயங்காலம் வந்து ஏத்திக்குவான். கண்ணாடி மாட்டிக்கிட்டு தலையைத் தண்ணிக்குள்ள விட்டாப் போதும், மீனெல்லாம் வந்து மூக்குல முட்டும். நான் வந்ததுலேருந்து மூணு தடவை போயாச்சு, என்னங்கறீங்க.

— தம்பி, அவங்களை விடுடா. காப்பி ஆறுது பாரு. நீங்க குடிங்க மிஸ். இவனுக்கு யாரையாவது எங்கயாவது அனுப்பிக்கிட்டே இருக்கணும்.

— பரவாயில்லை வெர்லின். நான் ஒண்ணும் செய்யாம இருக்கத்தான் இங்க வந்தேன். லீட்ஸ்ல பள்ளிக்கூடத்துல நாள் முழுக்கக் கத்திக்கத்தித் தொண்டை போச்சு. இங்க இந்த வராந்தாவுல உக்காந்து கடலைப் பாத்தா, அதுவே போதும்னு இருக்கு.

— ஒண்ணும் செய்யாம இருக்கறதுக்கும் ஒரு முறை இருக்கு, மிஸ். விடிஞ்சதும் ஒரு கடல் குளியல். அப்புறம் ஒரு இளநீர். அப்புறம் நிழல் பாத்து ஒரு தூக்கம். வெயில் தாழ்ந்ததும் ரம் கடையில டொமினோ. இந்த வரிசை மாறக்கூடாது. இந்தக் கேரியகூத் தீவுல இதைச் சரியாச் செய்யத் தெரிஞ்சவங்க கொஞ்சப் பேருதான்.

— அதுல இவன் கெட்டிக்காரன், மிஸ். வந்த நாள்லேருந்து வேற எதையும் தொடலை.

— பாத்தீங்களா? அக்கா வாயில எந்நேரமும் ஒரு எலுமிச்சை.

— நீங்க எப்ப ஓய்வெடுப்பீங்க வெர்லின்? உங்களுக்கு விடுமுறைன்னா என்ன செய்வீங்க?

— எனக்கா? விருந்தாளி யாரும் இல்லைன்னா மெத்தையை எல்லாம் வெயில்ல போட்டுத் தட்டுவேன்.

— ஒண்ணு கேக்கணும்னு நினைச்சேன், வெர்லின். நேத்து விருந்து, மேளச் சத்தத்துக்கு நடுவுல படுக்கப் போறப்ப முன்னறையில ஒரு மேஜை பாத்தேன். வெள்ளைத் துணி, மெழுகுவத்தி, தட்டு நிறைய சாப்பாடு, ஒரு கிளாஸ்ல ரம். யாராவது தாமதமா வர்றாங்களா?

— எங்க பப்பாதான் வர்றவரு, மிஸ். அவர் போய்ச் சேர்ந்து வருஷமாச்சு. இங்க ஒரு பெரிய காரியம் முடிவு பண்ணணும்னா போனவங்களைக் கேக்கணும். ஊருக்குச் சோறு போட்டு, மேளம் அடிச்சு, அவங்களுக்குத் தனியா ஒரு தட்டு வைப்போம். அந்த அறைக்குள்ள சேவல் கூவற வரைக்கும் யாரும் போகக்கூடாது. அவங்க வந்து வாசனையை எடுத்துக்கிட்டு, வீட்டுல யாராவது ஒருத்தர் கனவுல வந்து பதில் சொல்லிட்டுப் போவாங்க.

— நல்லவேளை, நான் எதையும் தொடலை.

— நீங்க எங்க தொடப்போறீங்க மிஸ், கறி மீன்னாலே காத தூரம் ஓடறீங்க. அது முழுக்கச் சங்குக்கறியும் ஆட்டுக்கறியும்.

— நிஜம்தான். மதியமும் எனக்கு அந்தச் சுட்ட ஈரப்பலாவே போதும் வெர்லின். சரி, நான் கொஞ்சம் கரைக்குப் போறேன்.

— போயிட்டு வாங்க. மழை தூறினா சின்னச் சின்னப் பச்சைக் காய் விழுந்து கிடக்கற மரத்தடியில மட்டும் நிக்காதீங்க. அதோட பால் சொட்டினா தோல் வெந்துடும்.

— துண்டு?

— கதவுக்குப் பின்னாடி காயுது, எடுத்துக்குங்க. தம்பி, அந்தக் கப்பை இப்படித் தள்ளு.

— நல்ல பொம்பளைக்கா. ஆனா விடுமுறை எடுக்கத் தெரியலை.

— இருக்கட்டும். அவங்க போயாச்சு, இப்பச் சொல்லு. காலையிலேருந்து உன் முகத்துல ஒரு பூரிப்பு. என்னடா?

— உனக்குக் கனவு வந்துச்சாக்கா?

— நான் படுத்ததே எனக்குத் தெரியலை. அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கினேன்.

— எனக்கு வந்துச்சு.

— ம்.

— பப்பா வந்தாருக்கா. அந்த ஈரப்பலா மரத்தடியில, அதே தொப்பி, அதே கிழிஞ்ச பனியன். என்னைக் கிட்டக் கூப்பிட்டாரு. ஆஸ்மண்ட், வீட்டை விக்காதே, நாலு பேர் வந்து தங்கிட்டுப் போற வீடு, இதை வித்தா நம்ம பேரே போயிடும்னாரு. வெர்லின் இருக்கா, அவ பாத்துக்குவான்னாரு.

— அவ பாத்துக்குவான்னு. அப்படியே சொன்னாரா?

— அப்படியே சொன்னாரு.

— உயிரோட இருந்தப்பவும் அதைத்தான் சொன்னாரு. செத்தும் வேற வார்த்தை கத்துக்கலை போல.

— அக்கா, பேச்சைப் பாரு. நீதானே சொன்னே? வீடு ரெண்டு பேர் பேருலயும் இருக்கு, நீ விக்கணுங்கறே, நான் வேண்டாங்கறேன், பப்பாவையே கேப்போம்னு. கேட்டாச்சு. சொல்லிட்டாரு. வெள்ளிக்கிழமை வீடு வாங்க அந்த ட்ரினிடாட்காரன் வந்தா, எங்கப்பா சம்மதிக்கலைன்னு சொல்லி அனுப்பிடு.

— வேற என்ன சொன்னாரு?

— வேறன்னா?

— வயிறார வந்து சாப்பிட்டவரு. சாப்பாட்டைப் பத்தி ஒண்ணும் சொல்லலையா?

— சொல்லாம? சங்குக்கறி பஞ்சு மாதிரி இருக்குன்னாரு. வெர்லின் கைக்கு உப்பு எப்பவும் அளவுன்னாரு. இந்த ருசி மேல உலகத்துல கிடைக்கலைன்னாரு.

— உப்பு.

— ஆமா. ஏன்?

— அந்த ப்ரூக்ளின் பட்டணத்துல இருந்து இருந்து உனக்கு எல்லாமே மறந்துபோச்சு, தம்பி. செத்தவங்களுக்குச் சமைக்கறப்ப யாருடா உப்பு போடுவா? உப்புப் பட்ட சோத்துக்கிட்டயே அவங்க வரமாட்டாங்க. நேத்து அந்தத் தட்டுல ஒரு கல் உப்பு இல்லை.

— கனவுல கேட்டதுதானே. நான் வார்த்தையைத் தப்பாச் சொல்லியிருப்பேன்.

— தப்பாச் சொல்லலை. புளுகினே.

— சரி. கனவை விடு. கனவு வரலைன்னே வச்சுக்க. தட்டுக்கு என்ன சொல்றே? சேவல் கூவினதும் முதல்ல உள்ள போனவன் நான். தட்டு காலி. துடைச்ச மாதிரி காலி. எலும்பை மட்டும் ஓரமா ஒதுக்கி வச்சிருக்கு. நம்ம பாட்டன் காலத்துலேருந்து யாரு வீட்டுலயாவது இப்படி நடந்திருக்கா? எல்லார் வீட்டுலயும் விடிஞ்சா சாப்பாடு அப்படியே இருக்கும், அக்கம்பக்கத்துக்குப் பங்கு வைப்போம். பப்பா நிஜமாவே வந்து உக்காந்து சாப்பிட்டிருக்காருக்கா. எனக்குக் கையெல்லாம் சிலிர்த்துப் போச்சு.

— பூனையா இருக்கும்.

— ரம் கிளாஸும் காலி. எந்தப் பூனை ரம் குடிக்கும்? அதுவும் ஐஸ் போட்டா ஐஸே மூழ்கிப்போற நம்ம ஊர் ரம்மை? அந்த மிஸ்ஸும் தொட்டிருக்க மாட்டா. நான் குடிச்சிருந்தா இந்நேரம் உன்கிட்ட உக்காந்து பேசிட்டிருக்க மாட்டேன். யோசிச்சுப் பாரு. பதில் வந்திருச்சு. உனக்குத்தான் அதை ஒத்துக்க மனசு இல்லை.

— நான்தான் சாப்பிட்டேன்.

— என்ன?

— தட்டை. நான் சாப்பிட்டேன்.

— விளையாடாதேக்கா.

— விளையாடற உடம்பாடா இது? விடிஞ்சதுலேருந்து அடுப்புக்கிட்ட நின்னேன். துவரை வேகவச்சு, சோளக்களி கிண்டி, அந்தச் சங்குச் சதையை மெதுவாகற வரைக்கும் அடி அடின்னு அடிச்சு. ஊர் பூரா வந்துச்சு. எல்லாருக்கும் நான்தான் போட்டேன். நீ மேளத்துக்கு ஆடிக்கிட்டிருந்தே, நல்லாத்தான் ஆடினே. எல்லாரும் போனப்புறம் பானையைப் பாத்தா அடிப்பிடிச்சதுதான் மிச்சம். மெழுகுவத்தி சரியா எரியுதான்னு பாக்க முன்னறைப் பக்கம் போனேன். துணி விரிச்சு, நாற்காலி போட்டு, தட்டு வச்சிருந்துச்சு. எல்லாம் நான் வச்சதுதான். ஆனா உக்கார்றவங்க பக்கத்துலேருந்து நான் ஒருநாளும் பாத்ததில்லை. இந்த வீட்டுல எத்தனை பேருக்கு மேஜை போட்டிருப்பேன். எனக்குன்னு யாரும் ஒரு தட்டு வச்சதில்லைடா. உக்காந்துட்டேன்.

— பப்பா தட்டுலயாக்கா.

— அடுக்களையிலேருந்து உப்பை எடுத்துட்டு வந்து போட்டுக்கிட்டேன். கடைசி வாய் வரைக்கும் தின்னேன். ரம்மையும் குடிச்சேன்.

— பாவம்க்கா. அவர் பசியோட வந்து பாத்திருப்பாரு.

— அவருக்குப் பசி இல்லை. எனக்குத்தான் பசி.

— கோவிச்சுக்குவாரு.

— கோவிச்சுக்கட்டும். அப்படியே வந்து ரெண்டு வாளி தண்ணி தூக்கிட்டுப் போகட்டும்.

— இப்ப என்னக்கா பண்றது?

— ஒண்ணும் பண்ண வேண்டாம். வீட்டை விக்கற பத்திரமும் பேனாவும் அந்த ஜன்னல்ல இருக்கு. கையெழுத்துப் போட்டுட்டுப் போய்க் குளி. எனக்கு முடியலைடா. புயல்ல கூரை போனப்ப நான்தான் தகரத்துக்கு ஓடினேன். பப்பா படுத்தப்ப நான்தான் புரட்டிப் போட்டேன். காலையில காலைத் தரையில வைக்கறப்ப அழுகை வருது, வலி கூட இல்லை, இன்னிக்கும் அதே நாள்தானேன்னு. நீ சனிக்கிழமை போயிடுவே. உனக்கு அங்க ஆஸ்பத்திரி வேலை இருக்கு, டை கட்டிக்கிட்டு நின்ன போட்டோவை பப்பா சாகற வரைக்கும் வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் காட்டினாரு. அடுத்த வருஷம் வந்து காலை நீட்டி உக்காந்து, அக்கா, உனக்கு என்ன நிம்மதியான வாழ்க்கைம்பே. அதைக் கேக்க எனக்கு இனிமே தெம்பு இல்லை.

— சனிக்கிழமை நான் போகலை.

— ஞாயித்துக்கிழமை போ. அந்தக் கையெழுத்தை மட்டும் போட்டுட்டுப் போ.

— அக்கா, திரும்பிப் போக எனக்கு டிக்கெட் இல்லை.

— தொலைச்சுட்டியா?

— எடுக்கவே இல்லை. வர்றதுக்கு மட்டும்தான் எடுத்தேன். வேலை போயிடுச்சு. எங்க பிரிவையே மூடிட்டு வெளியாள்கிட்ட குடுத்துட்டாங்க. அப்புறம் ரூமும் போச்சு. அங்க இருக்கற நம்ம விண்ட்வர்ட்காரன் ஒருத்தன் வீட்டு சோபாவுல படுத்துக்கிட்டிருந்தேன். அவன் பொண்டாட்டி ஒருநாள் சோபாவைத் தூக்கிப் போட்டுட்டா. எதுவும் சொல்லலை. சோபாவை மட்டும் தூக்கிப் போட்டுட்டா.

— அப்ப இந்த மணல்திட்டு, இளநீர், டொமினோ எல்லாம்?

— விடுமுறைக்கு வந்தவனை யாரும் ஒண்ணும் கேக்கறதில்லைக்கா. எப்ப வந்தே, எப்பப் போறேன்னு ரெண்டு கேள்வி, அதோட முடிஞ்சுது. தோத்துட்டு வந்தவன்னு தெரிஞ்சா, பாவம் ஆஸ்மண்ட்டுன்னு ரம் கடையில அவங்க காசுல ஊத்திக் குடுப்பாங்க. அது எனக்குத் தொண்டையில இறங்காது. அதான் தினமும் எங்கயாவது போய் மிதந்துட்டு வரேன். மிதந்து மிதந்து சலிச்சுப் போச்சு. அந்த மீனெல்லாம் கூட என்னைப் பாத்துத் திரும்பிக்குது.

— என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே.

— உன்கிட்ட எப்படிச் சொல்லுவேன்? நீ நிமிர்ந்தே பாக்கலையேக்கா. எந்நேரமும் எதையாவது துடைச்சுக்கிட்டிருந்தே.

— அதுக்குத்தான் பப்பாவைக் கனவுல வரவழைச்சியா.

— படுக்க இடம் இல்லாதவன் எதைத்தான் கனவு காண மாட்டான்.

— எந்திரி.

— எங்க போகச் சொல்றே? கையெழுத்துத்தானே, குடு, போட்டுடறேன். நீ சொல்றதுதான் நியாயம்.

— பேனா எங்கயும் ஓடிடாது. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கு. முதல்ல பின்கட்டுக்குப் போ. எல்லா ரூம் விரிப்பும் தொட்டியில ஊறுது, என் இடுப்பு இன்னிக்கு வளையாது. உன்னால இது முடியுதான்னு பாக்கறேன். முடிஞ்சா அந்த ட்ரினிடாட்காரன் வந்த வழியே போகட்டும். முடியலைன்னா வித்துடுவோம், ரெண்டு பேரும் தெருவுல நிப்போம். வெள்ளைத் துணியில எண்ணெய்க் கறை எடுக்கத் தெரியுமாடா? இல்லை, டை கட்டின துரைக்கு அதையும் நான்தான் சொல்லித் தரணுமா?

— அந்த டை போட்டோக்காரனோடதுக்கா. இருபது வருஷமா அந்த ஆஸ்பத்திரி நிலவறையில நான் விரிப்புதான் துவைச்சேன்.