ஐயாயிரம் வருஷத்து மாடு

– மெதுவாப் பேசு கங்கம்மா. ஞானஜோதி டீச்சர் கீழ படியேறி வந்துட்டிருக்காங்க. காதுல விழுந்தா நான் காலி.

– நீ இன்னாத்துக்கு சார் காலியாவுற? பாறைல ஒரு மாடு கீது. அத்த உன் ஃப்ரெண்டு அசரியா வரைஞ்சிகிறாரு. சொல்லிட்டுப் போயேன்.

– வரையல, செதுக்கினான். ரெண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அவன் போய் மூணு வருஷம் ஆச்சு. டீச்சர் அவன் சம்சாரம். அதுலேருந்து சர்ச்சுக்குத் தவிர எங்கேயும் போகாதவங்க, பாறையில செதுக்கியிருக்கிறதை எல்லாம் தாள்ல படி எடுக்கிற இந்த ஞாயித்துக்கிழமை குரூப்புக்குத்தான் முதல்முதலா வெளிய வந்தாங்க. வந்த அன்னைக்கே அந்த மாட்டுமேல கையை வெச்சு, கண்ணை மூடிக்கிட்டு நின்னாங்க பாரு... எனக்கு என்ன ஆச்சோ தெரியல, ஃபார்ம்ல ‘வயசு ஐயாயிரம் வருஷம்’னு எழுதிட்டேன்.

– யம்மாடி! ஐயாயிரமா?

– மூவாயிரம்னுதான் நினைச்சேன். பேனா கொஞ்சம் தாராளமாப் போயிடுச்சு.

– ஓகோ, அதுக்குத்தான் அன்னிக்கு கேக் வெட்னீங்களா? கீழ டீ விக்கிற எனுக்குக் கூட ஒரு துண்டு வந்துச்சு.

– அதேதான். இன்னைக்குப் பத்து மணிக்கு தொல்லியல் ஆபீஸ்லேருந்து கிறிஸ்டி மேடம் வந்து எல்லா ஃபார்மையும் வாங்கிட்டுப் போறாங்க. இருபது வருஷமா இதையே பார்க்கிற அம்மா. இந்தக் காலத்து இரும்பு உளித் தடத்தை, கீழ கேம்ப் ரோட்டுல பஸ்ஸுல போய்க்கிட்டே கண்டுபிடிச்சிடுவாங்க. இது ஒண்ணு பொய்னு தெரிஞ்சா போதும், மேல வரிசையா இருக்கே அந்தக் குழிகள், நிஜமாவே பழசு, ஆறு மாசமா முட்டி தேய அளந்தோமே, அதையும் சேர்த்துக் குப்பைன்னுடுவாங்க. நாளைக்கு எவனாவது பாறையை உடைச்சு ஃப்ளாட் கட்ட வந்தா, கேக்க நாதி இருக்காது.

– அப்போ டீச்சராண்ட உண்மைய சொல்லிடு.

– சொல்லிட்டு அந்த முகத்தை எப்படிப் பார்க்கிறது?

– யார் முகத்தை, தயாளன் அண்ணா?

– ஐயோ... வாங்க ஜோதிம்மா, வாங்க! உங்க முகத்தைத்தான். எப்படி வேர்த்திருக்கு! இந்தப் பாறை ஏறினா எவரெஸ்ட் ஏறினவனுக்கே நாக்கு தள்ளும்.

– நாப்பத்திரெண்டு படி. எண்ணிட்டுத்தான் வந்தேன். ஷீட்டை விரிங்க. வெயில் சாய்வா இருக்கும்போதே மாட்டை இன்னொரு தரம் படி எடுத்துடலாம். உச்சிக்குப் போயிட்டா ஒரு கோடும் தெரியாது.

– டீச்சர், தப்பா நெனச்சுக்காத. எனுக்கு அது நாய் மாரி கீது.

– அது மாடு, கங்கம்மா.

– வாலப் பாரு டீச்சர், எப்டி சுருட்டிகினு...

– மாடுன்னா மாடு! கொம்பு கண்ணுக்குத் தெரியலையா?

– காதுன்னுல்ல நெனச்சேன்.

– என்ன அண்ணா, ஷீட்டை விரிக்காம நிக்கிறீங்க? உடம்பு சரியில்லையா?

– உக்காருங்க ஜோதிம்மா. அதோ, கட்டடமாத் தெரியுதே, அப்பல்லாம் அங்க ஒரே பனைமரம். நானும் அசரியாவும் இங்க உக்காந்து மீட்டர் கேஜ் ட்ரெயினை எண்ணுவோம். இந்தப் பக்கம் பார்த்தா கடல். கப்பல்ல என்ன குழம்பு கொதிக்குதுன்னு இங்கேருந்தே சொல்லிடுவோம்.

– கடல் தெரியாது. ஏரி தெரியும். சாயங்காலமானா நாரை வந்து இறங்கும், வெள்ளைத்துணி காயப்போட்ட மாதிரி. சரி, விஷயத்துக்கு வாங்க.

– அந்த மாட்டுக்கு ஐயாயிரம் வயசு இல்ல. ஐம்பதுதான். எழுபத்திநாலு, மே மாசம். நம்ம அசரியா செதுக்கினது.

– போன வாரம் சேலையூர் ஏரியில திமிங்கலத்தைப் பார்த்தேன்னீங்க.

– அது வேற. இது ஆண்டவர் சத்தியமா உண்மை.

– திமிங்கலத்துக்கும் அவரைத்தான் கூப்பிட்டீங்க.

– என் ரெண்டு கண்ணால பார்த்தேம்மா!

– பார்த்தீங்களா? ஸ்டெப் ஸ்டெப்பா சொல்லுங்க. வெறும் விடைக்கு நான் மார்க் போடுறதில்ல.

– சரி... பார்க்கல. அவன் சொன்னான். அன்னைக்கு சாயங்காலம், தாம்பரம் ஸ்டேஷன் பெஞ்சுல. ‘டேய், பாறையில ஒரு மாடு செதுக்கிட்டேன்டா. காலையிலேருந்து, தனியா’ன்னான். என்னை விட்டுட்டுப் போயிட்டியேடான்னு ஒரு வருஷம் அவன்கூடப் பேசல.

– ஒரு வருஷம்?

– ரெண்டு நாள்.

– தனியாப் போனதாவா சொன்னார்?

– நான் கேக்காமலே சொன்னான். ரெண்டு தரம் சொன்னான்.

– கையில காயம் இருந்துச்சா? நாள் பூரா கருங்கல்லுல உளி பிடிச்ச கைக்கு எப்படி இருக்கணும்?

– காயமா? அவன் கை வெண்ணெய்க் கட்டி மாதிரில்ல இருந்துச்சு! வீட்டுல காலண்டர் மாட்ட ஒரு ஆணி அடிக்கணும்னாலும், அஸ்தினாபுரத்துலேருந்து என்னைத்தானே வரச்சொல்லுவான். ஜோதிம்மா... அழாதீங்க. நான் சொல்லியிருக்கவே கூடாது.

– சார், நல்லாப் பாரு. டீச்சர் அழுவல. சிரிச்சிகினு கீது.

– அண்ணா, வேற ஃபார்ம் எடுங்க. நம்ம காலத்துல செதுக்கினதுக்குத் தனி ஃபார்ம் இருக்கு. யாரு, எந்த வருஷம்னு தெரிஞ்சா அதுல பதியணும்னு கிறிஸ்டி மேடம் முதல் நாளே சொன்னாங்களே.

– அன்னைக்கு நான் போண்டா வாங்கப் போயிருந்தேன்.

– நீங்க ஐயாயிரம்னு எழுதினப்போ நான் பக்கத்துலதான் நின்னேன். அவர்தான் போயிட்டார், இதாவது கொஞ்ச நாள் ஐயாயிரம் வருஷம் இருந்துட்டுப் போகட்டுமேன்னு விட்டேன். இன்னைக்கு நீங்க வாயைத் திறக்கலைன்னா நானே சொல்லியிருப்பேன்.

– அப்போ உங்களுக்கு முன்னாடியே தெரியுமா? திருட்டுப்பய, உங்ககிட்டயும் பெருமை அடிச்சுட்டானா?

– எழுதுங்க. வருஷம்?

– எழுபத்திநாலு. செதுக்கியவர்... அசரியா. எழுத்து அழகா வந்திருக்கு பாருங்க.

– அடிச்சுட்டு, அந்தப் பேரைக் கீழ சாட்சி கட்டத்துல போடுங்க.

– சாட்சியா? அப்போ மேல யார் பேரைப் போடுறது?

– லைப்ரரிக்குப் போறேன்னு ஹாஸ்டல்ல பொய் சொல்லிட்டு வந்த பொண்ணு பேரை. உங்க ஃப்ரெண்டு காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் குடைதான் பிடிச்சார் அண்ணா. உளி என் கையில இருந்துச்சு.