வானம் மட்டும் இருந்த பானை

மனிதகுலத்தின் அறிவு வரலாற்றில் கல்லில் வெட்டி வைக்கத்தக்க ஒரு செய்தியை, உத்திரமேரூர் வட்டாரப் பொது அறிவுப் பேரவையின் நிறுவனர், தலைவர், நடுவர் ஆகிய மூன்று பொறுப்புகளிலிருந்தும் ஒருசேர அறிவிக்கிறேன்: அன்றைக்குக் கல்யாண மண்டபத்தில் போண்டா மிக நன்றாக இருந்தது.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. விசாரிக்க வந்திருக்கும் நீங்கள் நடந்தவற்றில் நல்லதையும் குறித்துக்கொள்ள வேண்டும். என் பெயர் தினகரன். பேரவையில் மொத்தம் பதினோரு உறுப்பினர்கள். அவர்களில் ஏழு பேர் எனக்கு உறவு, மீதி நான்கு பேர் போண்டாவுக்கு.

உங்களை அனுப்பிய ஜான் எங்கள் ஊர்க் காலனியில் பிறந்து, ரயில்வேயில் பெரிய உத்தியோகம் பார்த்து, சென்னையில் ஓய்வாக இருப்பவர். ஊருக்கு ஒரு படிப்பகம் கட்டிக் கொடுத்தார். அதைப் பார்த்துக்கொள்ள ஒரு பொறுப்பாளர், அவருக்கு மாதச் சம்பளம், ஒரு மேசை, ஒரு நாற்காலி, தலைக்கு மேல் மின்விசிறி. ஆளைப் பொது அறிவுப் போட்டி வைத்துத் தேர்ந்தெடுங்கள் என்று எழுதினார். வட்டாரத்தில் பொது அறிவு என்றால் நான்தான் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். சொன்னது நான்தான்.

இறுதிச் சுற்றுக்கு இருவர் வந்தார்கள். ஒருவன் என் மச்சினன் செந்தமிழன், எம்.ஏ. மற்றவள் திலகா. பன்னிரண்டாம் வகுப்பு, நடவு வேலை. சேற்றில் குனிந்து நாற்று நடும்போது இடுப்பில் செல்போனைச் செருகி, காதில் ஒயரை மாட்டிக்கொண்டு போட்டித் தேர்வுப் பாடம் கேட்பாள். ஆறு வருடப் பழக்கம். போட்டிக்கு முதல் நாள் என் வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்றாள்.

"சார், டாக்டர் இனிமே குனியவே கூடாதுன்ட்டாரு. முதுகெலும்பு தேஞ்சி கீதாம். இந்த வேல கெடச்சா நாற்காலில உக்காந்துக்கினு பொழச்சிக்குவேன். சிபாரிசு கேக்கல. கேள்விய மட்டும் நேரா கேளுங்க, அது போதும்."

நேராகக் கேட்கிறேன் என்றேன். மோர் கொடுக்கச் சொன்னேன். குடித்துவிட்டுப் போனாள்.

எங்கள் ஊரின் பெருமை உங்களுக்குத் தெரியும். ஆயிரம் வருடத்துக்கு முன்பே பானையில் ஓலை போட்டு ஆளைத் தேர்ந்தெடுத்த மண். ஆகவே எந்தத் துறையில் கேள்வி என்பதையும் குடவோலை முறையில்தான் முடிவு செய்ய வேண்டும் என்று நான் முன்மொழிந்தபோது சிலர் கண்கலங்கினார்கள். ஆளுக்கொரு பானை. பானைக்குப் பத்து ஓலை. விவசாயம், விளையாட்டு, சினிமா, உடல்நலம், வானியல், நம் ஊர் என்று பத்துத் துறை இருப்பதாக ஒலிபெருக்கியில் அறிவித்தேன். இருப்பதாக அறிவித்தேன் என்பதைக் கவனியுங்கள். இருந்தது என்று சொல்லவில்லை. திலகாவின் பானையில் பத்து ஓலையிலும் வானியல். செந்தமிழன் பானையில் பத்திலும் நம் ஊர்.

வேறு எந்த ஊராக இருந்தாலும் ஒருவனாவது பானையை எட்டிப் பார்த்திருப்பான். எங்கள் ஊரில் அது முன்னோரைச் சந்தேகிப்பதாகும்.

செந்தமிழனுக்கு மூன்று கேள்விகளையும் விடைகளையும் முன்கூட்டியே கொடுத்திருந்தேன். விடைகளை அருமையாக மனப்பாடம் செய்திருந்தான். வரிசையைத்தான் மறந்துவிட்டான்.

"நம் ஊர்க் குடவோலைக் கல்வெட்டு எந்தக் கோயிலில் உள்ளது?"

"பராந்தக சோழன்."

"எந்த மன்னன் காலத்தில் வெட்டப்பட்டது?"

"வைகுண்டப் பெருமாள்."

இரண்டும் சரியான விடைகள், இடம்தான் சற்று மாறியிருக்கிறது என்று விளக்கி, விடைக்கு அரை மதிப்பெண்ணாகப் போட்டேன். மூன்றாவதாகக் கல்வெட்டு எதன் மீது பொறிக்கப்பட்டுள்ளது என்று கேட்டேன். வெகுநேரம் யோசித்து, "சுவத்துல" என்றான். மண்டபம் அதிர்ந்தது. முழு மதிப்பெண்.

திலகா தன் பானைக்குள் கையை விட்டாள். வானியல். "சூரிய ஒளி பூமிக்கு வர எவ்வளவு நேரம்?"

"எட்டு நிமிசம் இருவது செகண்டு சார். நம்ம மாகறல் பஸ்ஸவிட கரெக்டா வந்துடும்."

மறுபடியும் வானியல். "தண்ணீரில் போட்டால் மிதக்கக்கூடிய கோள் எது?"

"சனி. ஆனா அத்தினி பெரிய ஏரிக்கி எங்க போறது?"

கூட்டம் விசிலடித்தது. யாரோ ஒருவர், "யம்மாடி, அந்த நாசாக்காரனுங்க வூட்டு நம்பரும் சொல்லுமா" என்று கத்தினார். நானும் சிரித்தேன். நடுவரும் மனிதர்தானே. மூன்றாவது ஓலையையும் எடுத்து விரித்தவள், அதைக் கூட்டத்தைப் பார்த்துத் தூக்கிக் காட்டினாள்.

"இன்னா சார் இது? பானைக்குள்ள வானம் மட்டுந்தான் கீதா?"

விதியின் விளையாட்டு என்றேன். செவ்வாயின் இரண்டு நிலவுகளைக் கேட்டேன். ஃபோபோஸ், டெய்மோஸ் என்று ஏதோ பக்கத்துத் தெருப் பிள்ளைகளைக் கூப்பிடுவதுபோலச் சொன்னாள். மூன்றுக்கு மூன்று. அவனுக்கு இரண்டு.

அந்த இடத்தில்தான் நான் ஒரு விதியைச் செய்தேன். கடைசிக் கேள்வி இருவருக்கும் பொது. அதற்கு மட்டும் பத்து மதிப்பெண். முன்பே இருந்த விதி என்று சொன்னேன். போண்டா இரண்டாவது சுற்று வந்துகொண்டிருந்ததால் யாரும் மறுக்கவில்லை.

"வெள்ளிக் கோளில் எது நீளம்? ஒரு நாளா, ஒரு வருடமா?"

திலகா முந்திக்கொண்டாள். "நாளுதான் சார் நீளம்."

ஐயா, இதை நீங்கள் சரியாக எழுதிக்கொள்ள வேண்டும். நான் தவறு என்று சொல்லவில்லை. சிரித்தேன், அவ்வளவுதான். ஒலிபெருக்கியில் சிரித்தேன். நாள் வருடத்தைவிட நீளமாம் என்று ஒருமுறை மெதுவாகத் திருப்பிச் சொன்னேன். மீதியைக் கூட்டம் பார்த்துக்கொண்டது.

"ஏம்மே, அப்ப தீபாவளி முடியறதுக்குள்ள அடுத்த தீபாவளி வந்துடுமா?"

"நூறு நாள் வேலைய ஒரே நாள்ல முடிச்சிடலாம்டா டேய்!"

அவள் கையை வைத்துச் சுற்றிக் காட்டினாள். "சிரிக்காதீங்க, கேளுங்க. அது தன்னத்தானே ஒரு சுத்து சுத்தறதுக்குள்ள சூரியனயே சுத்தி வந்துடும். அத்தினி மெதுவு." அவள் சுற்றியதைப் பார்த்து இன்னும் சிரித்தார்கள். எனக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை. கண்ணில் நீர் வந்துவிட்டது. கேள்வியைச் செந்தமிழனிடம் திருப்பினேன். வாழ்நாளில் முதன்முறையாக அவன் தயங்காமல், "வருஷம்" என்றான். அவனைத் தோளில் தூக்கிவிட்டார்கள்.

திலகா மேடையிலிருந்து இறங்காமல் நின்றாள். "அந்தப் பானையக் கவுத்துக் காட்டுங்க சார்" என்றாள். குடவோலைப் பானையைக் கவிழ்க்கச் சொல்கிறாளே என்று முன்வரிசைப் பெரியவர்கள் கொதித்து எழுந்தார்கள். ஒருவர் பானைக்குக் கற்பூரம் ஏற்றினார். அது என் திட்டத்தில் இல்லை.

செல்போன்களை எல்லாம் வாசலிலேயே கூடையில் வாங்கி வைத்திருந்தோம். திரும்பக் கொடுத்ததும் திலகாவின் மகள் நிஷா அங்கேயே தேடிப் பார்த்து, விடையை ஜானுக்கு அனுப்பிவிட்டாள். அதனால்தான் நீங்கள் வந்திருக்கிறீர்கள். திலகா சொன்ன விடை சரி. எனக்கு அது அன்றைக்கே தெரியும். கேள்வி எடுத்த புத்தகத்தில் அந்த வரிக்கு அடிக்கோடு போட்டிருக்கிறேன், பாருங்கள், சிவப்பு மையில். இந்தக் கேள்வியைத் தேடிப் பிடிக்க எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. சரியான விடையைச் சொல்கிறவரைப் பார்த்து ஊரே சிரிக்கும்படியான கேள்வி எளிதில் கிடைப்பதில்லை.

ஏன் செய்தேன் என்று நான்காவது முறையாகக் கேட்கிறீர்கள். முதல் முறை, எல்லாம் தெரிந்தவளுக்குப் படிப்பகம் எதற்கு, தெரியாதவனுக்குத்தானே தேவை என்றேன். எழுதிக்கொண்டீர்கள். இரண்டாவது முறை, அறிவு தகுதியானவர் கையில் இருக்க வேண்டும் என்றேன். அதையும் எழுதிக்கொண்டீர்கள். மூன்றாவது முறை, மச்சினன் பாசம் என்றேன். அது பொய். செந்தமிழனை எனக்குப் பிடிக்காது. வேலை கிடைத்த மறுநாளிலிருந்து அவன் படிப்பகத்தைத் திறக்கவே இல்லை.

திலகா மீது எனக்குப் பொறாமை கிடையாது. சொல்லப்போனால் பெருமைதான். என் மூன்று ஏக்கருக்கும் பத்து வருடமாக நடவுக்குப் பெண்களைத் திரட்டி வருபவள் அவள்தான். அவள் முன்னால் இறங்கினால் பின்னால் பன்னிரண்டு பேர் இறங்குவார்கள். அவள் நாற்காலிக்குப் போயிருந்தால் அந்தப் பன்னிரண்டு பேரும் கலைந்திருப்பார்கள். போட்டி நடந்த அன்று நாற்று பறிப்புக்குத் தயாராக இருந்தது. நேற்று நடவு முடிந்தது. நடுவில் மூன்று முறை வரப்பில் கையூன்றி நிமிர்ந்தாள், நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் பக்கம் இப்போது நடவுக்கு ஆள் கிடைப்பதில்லை.