முந்நூறு அடித் தண்ணீர்

நிலத் தகராறுகள் ஓயாத வருஷங்கள் அவை. மார்கழிக் காலையில் நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருந்ததால் எங்கள் பஸ் நின்றுவிட்டது. முன் சீட்டில் இருந்த அம்மாள் பக்கத்துப் பெண்ணிடம் சொன்னாள்:

“அவங்க தண்ணி மட்டும் சுடுது.”

“யாருங்க?”

“எங்க குத்தகைக்காரங்க. கேஸ் போட்டு நிலத்தையே எடுத்துக்கிட்டாங்களே, அவங்கதான். முந்நூறு அடிக்கு போர் போட்டிருக்காங்க. இந்தப் பனியில தண்ணி ஆவி பறக்குது.”

“அடியில என்ன அடுப்பா எரியுது?”

“அவ்வளவு ஆழத்துக்கு வெயிலும் எட்டாதாம், பனியும் எட்டாதாம். வருஷம் பூரா ஒரே சூடுதான். அதனால சித்திரையில குளுகுளுன்னு இருக்கு, இப்ப வெதுவெதுன்னு இருக்கு. எங்க கிணறு பத்தடி. பனி வந்தா தண்ணி சில்லிட்டுப் போயிடுது.”

“உங்க வீட்டுக்காரர் என்ன சொல்றாரு?”

“அவங்களை எதிர்த்துக் கோர்ட்டுக்கு நடையா நடந்த மனுஷன், இப்ப தினமும் அங்கதான் குளிக்கப் போறாரு.”

“அவங்க ஒண்ணும் சொல்லலையா?”

“சொன்னா தேவலையே. அந்த வீட்டுப் பொம்பளை இவருக்குன்னு துண்டு எடுத்து வைக்கிறாளாம். என்னையும் வரச்சொல்லி ஆள் அனுப்பினா.”

“போனீங்களா?”

ரயில் கடந்து, கேட் திறந்தது.

“போகலை. அவர் குளிச்சிட்டு வந்ததும் முதுகைத் தொட்டுப் பார்த்தேன். இன்னும் சூடா இருந்துச்சு.”