அலாரத்தைவிட லேசான அடுப்பு

தேநீர் நன்றாக இருக்கிறது. கோப்பையின் பிடியை என் இடது கைப்பக்கமாகத் திருப்பி வைத்தீர்களே, அதைக் கவனித்தேன். கூடவே வேலை செய்கிறவர்கள்கூட எனக்கு இடதுகைப் பழக்கம் என்பதை மறந்து கத்தரிக்கோலை வலது பக்கம் நீட்டுவார்கள். நீங்கள் கண் உள்ள ஆள். உங்களிடம் சொல்வதில் எனக்குச் சங்கடம் இல்லை.

மேசையில் இரண்டு அடுப்புகளை வைத்திருக்கிறீர்கள். பழையது ஒன்று, புதியது ஒன்று. மலையேறுகிறவர்கள் முதுகுப்பையில் போட்டுக்கொண்டு போகிற அடுப்பு இது. கீழே சின்ன கேஸ் குப்பி, மேலே பர்னர், பாத்திரம் உட்கார மூன்று கால்கள். உள்ளங்கையில் அடங்கிவிடும். இரண்டும் நான் வடிவமைத்தவை.

எங்கள் தொழிலில் எல்லோருக்கும் ஒரே பைத்தியம், எடை. பல் துலக்கும் பிரஷ்ஷின் பிடியைப் பாதியாக வெட்டி எடுத்துப்போகிறவர்கள்தான் எங்கள் வாடிக்கையாளர்கள். பட்டறையின் முதலாளி, என் அக்காவின் கணவர், அவர்களுக்கெல்லாம் அண்ணன். சட்டைப்பையில் குட்டித் தராசு இல்லாமல் வெளியே கிளம்பமாட்டார். பட்டறையில் அவருக்குப் பெயரே தராசுதான். நான் அத்தான் என்பேன்.

அம்மா போன பிறகு என்னை ஆளாக்கியவள் அக்கா. பழைய அடுப்பு கண்காட்சிக்குத் தயாரானபோது அத்தான் அதைத் தராசில் வைத்து உதட்டைப் பிதுக்கினார். "இன்னும் கொஞ்சம் குறையணும் மாப்ள. எங்கேயாவது கை வை" என்றார். கால்கள் கொஞ்சம் குட்டையாயின. கால் குட்டையானால் பாத்திரம் சுடரின் மேல் உட்கார்ந்துவிடும். சுடர் முழுதாக எரிவதற்குள் குளிர்ந்துபோகும். பார்வைக்கு நீலமாகவே இருக்கும், ஆனால் விஷவாயு கசிந்துகொண்டிருக்கும். அதற்கு வாசனை கிடையாது, புகை கிடையாது. தலை வலிக்கும், தூக்கம் வரும்.

அக்கா அந்த அடுப்போடு தனியாக மலைக்குப் போனாள். குளிருக்குக் கூடாரத்தை இழுத்து மூடிக்கொண்டு வெந்நீர் வைத்தாள். பிறகு எழுந்திருக்கவில்லை.

விசாரணையில் அத்தான் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "அவளுக்குக் குளிர்னாலே ஆகாது சார். எல்லா ஜிப்பையும் மூடிடுவா. நானும் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துட்டேன்." அடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. செத்தவள் எழுந்துவந்து மறுத்துப் பேசவா போகிறாள்? பழியைத் தூக்கி அவள் தலையில் போட்டுவிட்டுக் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். அந்த இடத்தில் எனக்கு அவர்மேல் வந்த வெறுப்பு இன்றுவரை துளியும் ஆறவில்லை.

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். நான் பதறவில்லை. அவருக்குப் பக்கத்து மேசையிலேயே உட்கார்ந்து வேலை பார்த்தேன். அவர் மறுமணம் செய்துகொண்டபோது முதல் ஆளாகப் போய்க் கைகுலுக்கினேன். இருவர் படுக்கும் கூடாரம் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தேன். லேசான துணி, காற்று புகாத தையல். தராசில் வைத்துப் பார்த்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

வந்தவர் பள்ளிக்கூட ஆசிரியை. டீச்சர் என்றே எல்லோரும் கூப்பிடுவோம். நல்ல மனுஷி. பட்டறைக்கு வந்தால் "சாப்பிட்டாச்சா தம்பி?" என்று கேட்காமல் போகமாட்டார். அக்காவும் அப்படித்தான் கேட்பாள். டீச்சர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது, அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அக்கா போனபிறகு அத்தான் ஓர் அலாரம் வாங்கியிருந்தார். அந்த வாயு பட்டால் கத்தும். எந்த அடுப்பைச் சோதிக்கப் போனாலும் அதை எடுத்துக்கொண்டு போவார். எனக்கு இடைஞ்சலாக இருந்தது அது ஒன்றுதான்.

மழை பெய்யும் என்று சொன்ன வாரமாகப் பார்த்து, புதிய அடுப்பு தயார் என்றேன். பையில் போகும் ஒவ்வொரு பொருளையும் தராசில் வைத்துப் பார்த்துவிட்டுக் கட்டுவது எங்கள் வழக்கம். அடுப்பை வைத்தேன், எடுத்தேன். அலாரத்தை வைத்தேன். எண்ணைப் பார்த்து அத்தானே சிரித்தார்.

"அடுப்பைவிட அலாரம் கனமா இருக்கே! சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணங்கிற கதையால்ல இருக்கு."

"இருந்துட்டுப் போகட்டுமேங்க" என்றார் டீச்சர்.

"கூடார வாசலை ஒரு சாண் திறந்து வச்சா போதும். அடுப்பு யார் செஞ்சது? நம்ம மாப்ள செஞ்சது."

அலாரத்தை அவர் கையாலேயே எடுத்து அலமாரியில் வைத்தார். டீச்சர் என் முகத்தைப் பார்த்தார். "ஒண்ணும் ஆகாதுல்ல தம்பி?"

"தாராளமா போயிட்டு வாங்க" என்றேன். அந்த அடுப்பின் கால்களைப் பழையதைவிடவும் குட்டையாக அராவி வைத்திருந்தேன். மழையில் யாரும் வாசலைத் திறந்து வைப்பதில்லை.

அத்தானைக் கொல்லத்தானே திட்டம் என்று கேட்டீர்கள். இல்லை. செத்துப்போனால் அவருக்கு என்ன தெரியும்? மலைக்குப் போனால் கயிறு இறுக்குவது, கூடாரத்தைச் சுற்றி வாய்க்கால் வெட்டுவது எல்லாம் அத்தான் வேலை. மழை வந்தால் வெளியேதான் நிற்பார். உள்ளே அடுப்பைப் பார்த்துக்கொள்வது டீச்சர். வந்ததும் கதை கதையாகச் சொல்வார்கள், பட்டறை முழுக்கத் தெரியும்.

அன்றும் அத்தான் நனைந்துபோய் உள்ளே வந்தபோது டீச்சர் தூங்குவதாக நினைத்தாராம். அசதி போல என்று போர்வையைச் சரிசெய்துவிட்டிருக்கிறார். பிறகு தன் தலை வலிக்க ஆரம்பித்ததும்தான் புரிந்து வெளியே ஊர்ந்து வந்திருக்கிறார்.

ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். "அலாரத்தை நான்தானே எடுத்தேன், நான்தான் கொன்னுட்டேன் மாப்ள" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். கேட்க முதலில் மனசு குளிர்ந்தது. பிறகு எரிச்சல் வந்தது. நான் போட்ட வடிவத்துக்கெல்லாம் மேடையேறி மாலை வாங்கியவர் அவர். இதுவும் அவர் பேரிலா? நேராக இந்த ஸ்டேஷனுக்குக் கிளம்பி வந்தேன். இதையாவது என் பேரில் எழுதுங்கள்.

பழைய அடுப்பை ஓரமாக வைத்துவிடலாம் என்றால் நீங்கள் விடமாட்டேன் என்கிறீர்கள். இரண்டின் கால்களிலும் அரம் ஒரே பக்கமாகச் சரிந்து ஓடியிருக்கிறது என்கிறீர்கள். இடதுகைக்காரன் அராவினால் அப்படித்தான் வரும். சரி, அராவியது நான்தான். கால் குட்டையானால் என்னவாகும் என்பது அப்போதே தெரியுமா என்றால், வடிவமைத்தவனுக்குத் தெரியாமல் இருக்குமா? கண்காட்சியில் வேடிக்கை பார்க்கத்தானே என்று விட்டுவிட்டேன். அக்கா அதைப் பையில் எடுத்து வைத்தபோது பக்கத்தில்தான் நின்றேன். அந்த நேரத்தில் போய், முதலாளி மெச்சிய அடுப்பில் குறை இருக்கிறது என்று எப்படிச் சொல்வது?

எங்கேயாவது கை வை என்றார், வைத்தேன். அக்காவைக் கொன்றது அவர்தான். அதை முதலில் எழுதுங்கள். டீச்சரைப் பிறகு எழுதிக்கொள்ளலாம்.